வாசகர் கேள்வி-பதில்: பூரீம், எஸ்தர் ராணி, அப்புறம் அந்த ஐம்பது முழ மரம்

போன இதழில், எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் கொண்டாடும் பஸ்காவைப் பற்றி எழுதும்போது, "இதற்கு ஒரு மாதம் முன்னால் பூரீம் என்று இன்னொரு விடுதலைப் பண்டிகையும் யூதர்களுக்கு உண்டு" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். பஸ்காவைப் பற்றி வந்த கடிதங்கள் மூன்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை ஒரு கட்டு. சரி, இந்த முறை முழுக்க பூரீம்தான். பெயர்களைப் பழைய தமிழ் பைபிளில் உள்ளபடி எழுதியிருக்கிறேன். கத்தோலிக்க பைபிள் வைத்திருப்பவர்களுக்கு எழுத்து கொஞ்சம் மாறியிருக்கும், ஆள் அதே ஆள்தான்.

பூரீம் என்று ஒரு பண்டிகை இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். பைபிளில் அது எங்கே வருகிறது? கதையைக் கொஞ்சம் சொல்லுங்களேன்.
— வாசகி, நாசரேத்

எஸ்தர் புத்தகத்தில் வருகிறது. பழைய ஏற்பாட்டில் நெகேமியாவுக்கும் யோபுவுக்கும் நடுவில் இருக்கும். மொத்தமே பத்து அதிகாரம், அதிலும் பத்தாவதில் மூன்றே வசனம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஈசிசேரில் சாய்ந்தால் சாயங்காலக் காபிக்குள் முடித்துவிடலாம்.

பெர்சிய ராஜா அகாஸ்வேரு, தலைநகர் சூசான். இன்றைக்கு ஈரானின் தென்மேற்கில் ஷூஷ் என்று இருக்கிற ஊர் அது. ராஜா பட்டத்துக்கு வந்த மூன்றாம் வருஷம் 180 நாள் விருந்து வைக்கிறான், அது போதாதென்று ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஏழு நாள். ஏழாம் நாள் போதையில் ராணி வஸ்தியை எல்லார் முன்னாலும் வந்து அழகைக் காட்டச் சொல்ல, அவள் வர மாட்டேன் என்று சொல்ல, பட்டம் பறிபோகிறது. தேசம் முழுக்க புது ராணி தேடுகிறார்கள். கிடைத்தவள் எஸ்தர். தாய் தகப்பன் இல்லாத யூதப் பெண், ஒன்றுவிட்ட அண்ணன் மொர்தெகாய் மகளாக எடுத்து வளர்த்தவள். தான் யூதப் பெண் என்பதை அரண்மனையில் யாரிடமும் சொல்லாதே என்று அவன் சொல்லி அனுப்புகிறான், அவளும் சொல்லவில்லை.

அப்புறம் ஆமான் வருகிறான். ராஜாவுக்கு அடுத்த இடம் அவனுக்கு. அரண்மனை வாசலில் எல்லாரும் விழுந்து கும்பிடும்போது மொர்தெகாய் மட்டும் கும்பிடவில்லை. ஒருத்தன் மேல் இருந்த கடுப்பில் அவனுடைய இனத்தையே ஒழித்துவிட ஆமான் முடிவு செய்கிறான். "ராஜ்யத்தில் ஒரு ஜனம் சிதறிக் கிடக்கிறது, அவர்கள் சட்டம் வேறு, அழித்துவிடலாம், கஜானாவுக்குப் பதினாயிரம் தாலந்து வெள்ளி தருகிறேன்" என்று ராஜாவிடம் போய் நிற்கிறான். ராஜா மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். எந்த ஜனம் என்றுகூடக் கேட்கவில்லை! ஆதார் மாதம் 13-ஆம் தேதி, சிறியவர் பெரியவர் பெண் பிள்ளை என்று பாராமல் கொல்லுங்கள் என்று கடிதம் போகிறது. தபால்காரர்கள் அவசரமாகப் புறப்படுகிறார்கள், ராஜாவும் ஆமானும் குடிக்க உட்காருகிறார்கள், சூசான் நகரம் கலங்குகிறது. இந்த மூன்றையும் ஒரே வசனத்தில் வைத்திருக்கிறார் எழுதியவர் (3:15). இப்படி ஒரு வசனம் எழுதிவிட்டால் போதும், மீதியைச் சும்மா இருந்தே கழித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

கூப்பிடாமல் ராஜா முன்னால் போனால் மரணம், அவன் பொற்செங்கோலை நீட்டினால் மட்டும் உயிர் தப்பும். எஸ்தரை அவன் கூப்பிட்டு முப்பது நாள் ஆகியிருந்தது. மூன்று நாள் உபவாசம் இருந்துவிட்டு, "நான் செத்தாலும் சாகிறேன்" என்று போகிறாள். செங்கோல் நீள்கிறது. ராஜ்யத்தில் பாதி வேண்டுமானாலும் கேள் என்கிறான், அவள் கேட்டது என்ன தெரியுமா? நீங்களும் ஆமானும் இன்றைக்கு என் விருந்துக்கு வர வேண்டும். அந்த விருந்தில் மறுபடி கேட்கிறான், நாளைக்கும் வாருங்கள் என்கிறாள். அந்த ஒரு ராத்திரி இடைவெளியில் ஆமான் மொர்தெகாயைத் தூக்கிலிட ஐம்பது முழ உயரத்துக்கு மரம் நாட்டுகிறான். ஐம்பது முழம் என்றால் எழுபத்தைந்து அடி! இரண்டாம் விருந்தில் எஸ்தர் உண்மையைப் போட்டு உடைக்கிறாள், ஆமான் அதே மரத்தில் தொங்குகிறான். ஆதார் 13 வந்தபோது யூதர்கள் எதிர்த்து நின்று தப்பித்துக்கொள்கிறார்கள், மறுநாள் 14-ஆம் தேதி இளைப்பாறி விருந்து வைக்கிறார்கள். அதுதான் பூரீம்.

(சின்ன வயதில் சண்டே ஸ்கூல் நாடகத்தில் நான்தான் ஆமான். ஜிகினாத்தாள் ஒட்டிய கிரீடம் எஸ்தருக்கும் ராஜாவுக்கும், எனக்கு மீசை மட்டும். அந்தக் குறை இன்னும் இருக்கிறது.)

'பூரீம்' என்ற பெயருக்கு என்ன அர்த்தம்?
— வாசகர், தூத்துக்குடி

பூர் என்றால் சீட்டு, பூரீம் என்றால் சீட்டுகள். எந்த நாளில் கொல்லலாம் என்று ஆமான் நாள் நாளாக, மாதம் மாதமாகச் சீட்டுப் போட்டுப் பார்த்தான். நாம் திருவுளச் சீட்டு போட்டுப் பார்ப்பதில்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. எபிரெயத்தில் சீட்டுக்கு 'கோரால்' என்று வேறு சொல் இருக்கிறது, அதனால்தான் எழுதியவரே "பூர், அதாவது சீட்டு" என்று விளக்கம் போடுகிறார். பூர் என்பது மெசபடோமியாவின் அக்காடிய மொழிச் சொல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பாபிலோனியத் தொகுப்பில் விரலிடுக்கில் அடங்கும் களிமண் கட்டை ஒன்று இருக்கிறது, கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. இயாஹலி என்ற அசீரிய அதிகாரியின் பெயரும் 'பூரு' என்ற சொல்லும் அதில் பொறித்திருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். சீட்டுப் போட்டது முதல் மாதமான நிசானில், விழுந்தது பன்னிரண்டாம் மாதமான ஆதாரில். சீட்டு அடுத்த மாதமே விழுந்திருந்தால் எஸ்தர் விருந்து வைக்கவும் மறு கடிதம் போகவும் நேரம் ஏது? பதினோரு மாதத்தை ஆமானுடைய சீட்டே கொடுத்துவிட்டது. எதிரி போட்ட சீட்டின் பெயரையே பண்டிகைக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அந்தக் குசும்பு எனக்குப் பிடிக்கும்.

ஒருத்தர் கும்பிடவில்லை என்பதற்காக ஒரு இனத்தையே அழிப்பானா? நம்புகிற மாதிரி இல்லையே சார். மொர்தெகாய்தான் ஒரு கும்பிடு போட்டிருந்தால் என்ன?
— வாசகர், மதுரை

நல்ல கேள்வி. இதற்குப் பதில் எஸ்தர் புத்தகத்தில் இல்லை, சாமுவேல் புத்தகத்தில் இருக்கிறது.

ஆமானை 'ஆகாகியன்' என்றும், மொர்தெகாயைப் பென்யமீன் கோத்திரத்தான், கீஸின் வம்சம் என்றும் அறிமுகம் செய்கிறார்கள். அன்றைய யூத வாசகனுக்கு இந்த இரண்டு அடைமொழி போதும். ஆகாக் என்பவன் அமலேக்கியரின் ராஜா. கீஸ் என்பது இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் அப்பா பெயர், சவுலும் பென்யமீன்தான். எகிப்திலிருந்து புறப்பட்டு வந்த இஸ்ரவேலரை ரெவிதீமில் தாக்கியது அமலேக்கு (யாத்திராகமம் 17). களைத்துப்போய்ப் பின்னால் நடந்து வந்தவர்களை வெட்டினான், அதை மறக்காதே என்று உபாகமம் 25 சொல்கிறது. அந்தப் பழைய கணக்கைத் தீர்க்கப் போன சவுல் ஆகாக்கை உயிரோடு பிடித்துவந்தான், நல்ல ஆடுமாடுகளையும் அடிக்காமல் கொள்ளையாக ஓட்டிக்கொண்டு வந்தான், அதனாலேயே ராஜ்யம் போனது (1 சாமுவேல் 15). ஆகாக்கைப் பிறகு சாமுவேல் தீர்க்கதரிசி தன் கையாலேயே வெட்டிப் போட்டார்.

ஆக, அரண்மனை வாசலில் எதிரும் புதிருமாக நிற்பது இரண்டு பரம்பரைகள், பரம்பரைப் பகை. நம் ஊரில் வாய்க்கால் தகராறு மூன்று தலைமுறை போவதில்லையா?

இதைத் தெரிந்துகொண்டு ஒன்பதாம் அதிகாரத்தைப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். எதிரிகளின் சொத்தைக் கொள்ளையிடலாம் என்று ராஜாவின் கடிதமே அனுமதித்திருந்தது, ஆனால் "கொள்ளையிடத் தங்கள் கையை நீட்டவில்லை" என்ற செய்தி மூன்று தடவை வருகிறது. சவுல் எதில் விழுந்தானோ அதில் இவர்கள் விழவில்லை என்று எழுதியவர் ஆணியடித்துச் சொல்கிறார். பூரீமுக்கு முந்தின ஓய்வுநாளில் ஜெப ஆலயங்களில் இன்றும் அந்த உபாகமப் பகுதியையும் சவுல்-ஆகாக் கதையையும் வாசிப்பது இதனால்தான்.

கும்பிடு போட்டால் என்ன என்கிறீர்கள். "நான் யூதன்" என்று மட்டும் அவன் சொன்னதாக இருக்கிறது, அதற்கு மேல் காரணம் எழுதவில்லை. மனுஷனைக் கும்பிடக் கூடாது என்பதாலா, ஆமான் தன் சட்டையில் விக்கிரகம் தொங்கவிட்டிருந்தானா என்று யூத மத ஆசிரியர்களான ரபிகள் நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். எனக்கு அந்த 'ஆகாகியன்' ஒன்றே போதும்.

எஸ்தர் புத்தகத்தில் கடவுள் பெயரே வராது என்று எங்கள் போதகர் சொன்னார். உண்மையா? அப்புறம் எப்படி பைபிளில் சேர்த்தார்கள்?
— வாசகி, கோவை

உண்மைதான். எபிரெய மூலத்தில் ஒரு இடத்திலும் கடவுள் பெயர் இல்லை. ஜெபம் என்ற சொல்லும் கிடையாது, உபவாசம் மட்டும் உண்டு. கடல் பிளக்கவில்லை, தூதன் வரவில்லை, கனவுகூட யாருக்கும் வரவில்லை.

என்ன நடக்கிறது? ஒரு ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான். ஆறாம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படியுங்கள். இரண்டு விருந்துக்கும் நடுவில் வரும் ராத்திரி அது. தூக்கம் வராததால் அரசாங்கக் குறிப்பேட்டை எடுத்துவந்து வாசிக்கச் சொல்கிறான் (அதை வாசித்தால் யாருக்கும் தூக்கம் வரும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம்). வாசிக்கிறவன் திறந்த பக்கத்தில், வாசல் காவலர் இரண்டு பேர் ராஜாவைக் கொல்லத் திட்டமிட்டதை மொர்தெகாய் காட்டிக்கொடுத்துக் காப்பாற்றிய செய்தி. அவனுக்கு என்ன மரியாதை செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. முற்றத்தில் யார்? ஆமான். மொர்தெகாயைத் தூக்கில் போட அனுமதி கேட்க விடியுமுன் வந்து நிற்கிறான். அவன் வாயைத் திறக்குமுன் ராஜா கேட்கிறான், ராஜா கனம்பண்ண விரும்புகிறவனுக்கு என்ன செய்யலாம்? என்னைத் தவிர யாரை விரும்பப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு ஆமான் அடுக்குகிறான்: ராஜா உடுத்தும் உடை, ராஜா ஏறும் குதிரை, பிரபு ஒருவன் முன்னால் கூவிக்கொண்டு போக வேண்டும்... "சரி, சீக்கிரம் போய் நீ சொன்ன எல்லாவற்றையும் மொர்தெகாய்க்குச் செய், ஒன்றும் குறையக் கூடாது."

தூக்கம் ஐந்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால்? வேறு பக்கம் திறந்திருந்தால்? ஆமான் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால்? அற்புதம் என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றும் கிடையாது, தற்செயல் என்று தள்ளவும் மனசு வராது. எஸ்தரிடம் மொர்தெகாய் பேசும்போதுகூட, நீ இப்போது மவுனமாயிருந்தால் யூதருக்குச் சகாயம் "வேறொரு இடத்திலிருந்து" எழும்பும் என்கிறான். எந்த இடம் என்று சொல்லவில்லை. நீ ராணியானதே இப்படி ஒரு காலத்துக்காக இருக்கலாம், "யாருக்குத் தெரியும்" என்கிறான். யாருக்குத் தெரியும்! விசுவாச வீரர்கள் பேசுகிற பேச்சா இது? ஆனால் இந்தப் புத்தகம் முழுக்க இந்தத் தொனிதான். பழைய ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் இதை வைத்து அழகாக விளையாடுவார்கள்: தோராவில், அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களில், எஸ்தர் எங்கே இருக்கிறாள்? என் முகத்தை மறைப்பேன் என்று கடவுள் சொல்லும் உபாகமம் 31:18-இல். 'மறைப்பேன்' என்ற எபிரெயச் சொல் காதுக்கு எஸ்தர் என்பது போலவே விழும்.

பழங்காலத்தில் எல்லாருக்கும் இது செரிமானம் ஆகவில்லை என்பதும் உண்மை. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் மொர்தெகாயின் கனவு, எஸ்தரின் ஜெபம் என்று ஆறு பகுதிகளைச் சேர்த்துக் கடவுளை உள்ளே கொண்டுவந்தார்கள். கத்தோலிக்க பைபிளில் 'எஸ்தர் (கிரேக்கம்)' என்று இணைத்திருமுறையில் இருப்பது அந்த வடிவம்தான். சாக்கடல் பக்கம் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் எஸ்தர் புத்தகத்தின் ஒரு துண்டுகூட இல்லை. ஆனாலும் பண்டிகை பிடித்துக்கொண்டது, பண்டிகை இருக்கும்போது அதன் புத்தகத்தை எப்படி வெளியே தள்ளுவது? கத்தோலிக்க பைபிளில் உள்ள 2 மக்கபேயர் புத்தகத்தில் ஆதார் 14-ஐ 'மொர்தெகாய் நாள்' என்று ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த நாளாகச் சொல்கிறார்கள். கிரேக்கச் சேர்க்கைகள் பக்தியானவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு எபிரெய மூலம்தான். ஜெபத்தைச் சேர்த்ததும் அந்தத் தூக்கமில்லாத ராத்திரியின் மர்மம் போய்விடுகிறது.

தப்பான உத்தரவு போட்ட ராஜாவே அதை ரத்து செய்திருந்தால் இத்தனை ரத்தம் சிந்தியிருக்காதே?
— வாசகர், சென்னை

முடியாது என்கிறது புத்தகம். ராஜா பெயரால் எழுதி அவன் மோதிரத்தால் முத்திரை போட்டதை ராஜாவாலும் மாற்ற முடியாது. தானியேலைச் சிங்கக் கெபியில் போட்ட கதையிலும் இதே சட்டம்தான். எனவே பழைய கடிதத்தை ரத்து செய்யாமல் அதற்கு எதிராகப் புதுக் கடிதம் ஒன்று போகிறது: உங்களைத் தாக்க வருகிறவர்களை நீங்கள் திருப்பித் தாக்கலாம். அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த முறை நன்றாகப் புரியும். முதல் ஜிஓவை ரத்து செய்ய மாட்டார்கள், இன்னொரு ஜிஓ போட்டுச் சரிக்கட்டுவார்கள்.

தபால் சங்கதி சுவாரசியமானது. அந்தந்த நாட்டு எழுத்தில், அந்தந்த ஜனத்தின் மொழியில் எழுதிக் குதிரை அஞ்சலில் அனுப்புகிறார்கள். பெர்சிய அஞ்சல் உலகப் பிரசித்தம். சூசானிலிருந்து இன்றைய துருக்கியின் மேற்கோரத்தில் இருந்த சர்தை வரை போன ராஜபாட்டையில் 111 தங்குமிடங்கள், நடந்தால் 90 நாள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் கடிதம் எழுதப்பட்டது சீவான் மாதம் 23-ஆம் தேதி, ஆதார் 13-க்கு எட்டு மாதத்துக்கு மேல் பாக்கி. போய்ச் சேர்ந்திருக்கும்.

ரத்தம் பற்றி. சூசானில் முதல் நாள் 500 பேர், ஆமானின் பத்துப் பிள்ளைகள், மறுநாள் இன்னும் 300 பேர், மற்ற நாடுகளில் 75,000 என்று எபிரெயப் பாடம் சொல்கிறது. கிரேக்கத்தில் இந்த 75,000 வெறும் 15,000 ஆகிவிடும். தற்காப்புதான், சரி. ஆனால் சூசானில் எஸ்தர் இரண்டாவது நாளும் கேட்டு வாங்குகிறாளே, அந்த இடத்தை நான் எப்போது படித்தாலும் தடுக்கும். யூதர்களிலேயே பலருக்குத் தடுக்கிறது. 1994 பிப்ரவரி 25, பூரீம் நாளன்று காலையில், ஹெப்ரோனில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் 29 பேரை யூதக் குடியேறி ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு ஒன்பதாம் அதிகாரத்தைச் சும்மா கதையாகக் கடந்துபோக முடிவதில்லை.

"இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை" அகாஸ்வேரு ஆண்டான் என்று முதல் வசனமே இருக்கிறது. அப்படியென்றால் நம் தமிழ்நாடும் அவன் கையில் இருந்ததா?
— வாசகர், திருச்சி

இல்லவே இல்லை. எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் 'ஹோது'. சிந்து நதியின் பெயர் பெர்சியர் வாயில் ஹிந்து ஆகி, எபிரெயத்துக்கு வந்ததும் ஹோது ஆயிற்று. பெர்சிய ராஜ்யத்தின் கிழக்கு எல்லை சிந்து நதிப் பக்கம், இன்றைய பாகிஸ்தான். எபிரெய பைபிளில் இந்தியாவின் பெயர் வருவதே இந்தப் புத்தகத்தில் மட்டும்தான், 1:1-இலும் 8:9-இலும். இன்றைக்கும் இஸ்ரேலில் இந்தியாவுக்கு ஹோது என்றுதான் பெயர். கடையில் போய் ஹோது கேட்டால் வான்கோழிக் கறியை எடுத்துக் கொடுப்பார்கள், அதற்கும் அதே பெயர்!

வஸ்தி செய்ததில் என்ன தப்பு?
— வாசகி, சேலம்

ஒன்றும் இல்லை. குடித்தவர்கள் நடுவே வந்து நிற்க மாட்டேன் என்றாள். இதை விட்டால் எல்லா வீட்டிலும் பெண்டாட்டிகள் கெட்டுப்போவார்கள் என்று மெமுகான் என்ற மந்திரி பயங்காட்ட, எந்தப் புருஷனும் தன் வீட்டுக்குத் தானே அதிகாரி என்று 127 நாடுகளுக்கும் கடிதம் போனது. வீட்டில் தான்தான் எஜமான் என்று தபால் போட்டுச் சொல்ல வேண்டிய நிலைமையில் ஒரு சக்கரவர்த்தி! அவள் ஏன் வரவில்லை என்பதற்குத் தல்மூதில் குஷ்டம் வந்தது, வால் முளைத்தது என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். வேறு காரணமே தேவையில்லை என்பது என் கட்சி.

இதெல்லாம் நிஜமாக நடந்ததா, இல்லை கதையா?
— வாசகர், பெங்களூரு

அகாஸ்வேரு என்பது கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட முதலாம் செர்க்ஸஸ் என்பதில் பெரும்பாலான அறிஞர்கள் ஒத்துப்போகிறார்கள், அவனுடைய பெர்சியப் பெயரைக் கேட்டால் ஏன் என்று புரியும்: க்ஷயார்ஷா. மூன்றாம் வருஷம் விருந்து, ஏழாம் வருஷம் எஸ்தர். நடுவில்தான் அவன் கிரேக்கத்தின் மேல் படையெடுத்துப் போய் கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் தோற்றுத் திரும்பினான், இடைவெளி கச்சிதமாகப் பொருந்துகிறது. எழுதியவருக்குப் பெர்சிய அரண்மனை நடைமுறை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இடிக்கிற இடங்களும் உண்டு. ஹெரோடோட்டஸ் அவனுடைய ராணி பெயரை அமெஸ்த்ரிஸ் என்கிறார், வஸ்தியும் இல்லை எஸ்தரும் இல்லை. 127 நாடுகள் என்கிறது புத்தகம், ஹெரோடோட்டஸ் கணக்கில் பெரிய மாகாணங்கள் இருபதுதான் (சின்னப் பிரிவுகளைச் சேர்த்து எண்ணியிருக்கலாம் என்பார்கள்). யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனது மொர்தெகாய்தான் என்று 2:6-ஐப் படித்தால் அது கி.மு. 597, இந்தக் கதை நடக்கும்போது அவனுக்கு நூற்றுப்பத்து வயதுக்கு மேல். போனது அவனுடைய கொள்ளுப்பாட்டன் என்று படித்தால் சிக்கல் இல்லை. வரலாற்றுப் பின்னணியில் எழுதிய நாவல் என்பது பல அறிஞர்களின் முடிவு. எனக்கும் அப்படித்தான் படுகிறது, எழுபத்தைந்து அடித் தூக்குமரம் வைக்கிறவர் கதைசொல்லியாகத்தான் இருக்க முடியும்.

பூரீம் ஒரு நாளா, இரண்டு நாளா? ஒரு இடத்தில் 14 என்றும் ஒரு இடத்தில் 15 என்றும் போட்டிருக்கிறது. இந்த ஆண்டு எப்போது?
— வாசகர், யாழ்ப்பாணம்

இரண்டும் சரி. சூசானில் சண்டை 14-ஆம் தேதியும் நீடித்ததால் அங்கே 15-இல் இளைப்பாறினார்கள். அதை வைத்து, யோசுவா காலத்திலிருந்தே மதில் இருந்த ஊர்களில் 15-ஆம் தேதி என்று ஏற்பாடு. இன்றைக்கு எருசலேமில் 15, டெல் அவிவில் 14. எருசலேமில் இருப்பவர் காலையில் பஸ் பிடித்துப் போய் டெல் அவிவ் கூத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் தன் ஊர்ப் பண்டிகைக்குத் திரும்பிவிடலாம். 2026-இல் ஆதார் 14 என்பது மார்ச் 2 மாலை தொடங்கி 3 வரை. 2027-இல் அவர்களுக்கு அதிக மாதம் வரும் ஆண்டு, ஆதார் இரண்டு வரும், பூரீம் இரண்டாவதில்தான், ஆகவே மார்ச் 22 மாலை.

ஜெப ஆலயத்தில் அன்றைக்குக் குழந்தைகள் சத்தம் போடலாமாமே! எப்படிக் கொண்டாடுகிறார்கள்?
— வாசகி, நாகர்கோவில்

போடலாமா, போட்டே ஆக வேண்டும். ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை எஸ்தர் புத்தகம் முழுவதையும் தோல் சுருளிலிருந்து ராகமாக வாசிப்பார்கள். ஒன்பதாம் அதிகாரம் இதை நிருபம் என்று சொல்வதால், சுருளைச் சுருட்டாமல் கடிதம் மாதிரி மடித்து மடித்து வைத்து வாசிப்பது வழக்கம். ஆமான் பெயர் 54 தடவை வருகிறது. ஒவ்வொரு தடவையும் குழந்தைகள் கையிலிருக்கும் மரக் கிலுக்கைச் சுழற்றுவார்கள், கடகடவென்று கூரை அதிரும், பெரியவர்கள் காலால் தரையை உதைப்பார்கள், சிலர் செருப்பின் அடியில் ஆமான் பெயரைச் சாக்பீஸால் எழுதிவைத்துத் தேய்ப்பார்கள். வாசிக்கிறவர் சத்தம் அடங்கும்வரை விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு சொல்லும் காதில் விழாமல் போகக் கூடாது. ஆமானின் பத்துப் பிள்ளைகள் பெயரையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், பர்சந்தாத்தாவில் தொடங்கும், நீங்களே முயற்சி செய்து பாருங்கள். பெண்களும் கட்டாயம் கேட்க வேண்டும், அந்த அற்புதத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள் ரபிகள். எஸ்தரை வைத்துக்கொண்டு வேறு எப்படிச் சொல்ல முடியும்?

மாறுவேஷம் உண்டு, நாடகம் உண்டு. 9:22-இல் சொன்னபடி சாப்பிடத் தயாராக இரண்டு பதார்த்தமாவது ஒரு நண்பருக்கு அனுப்ப வேண்டும், குறைந்தது இரண்டு ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். விருந்துக்கும் பலகாரத்துக்கும் செலவழிப்பதைவிட ஏழைகளுக்கு அதிகம் செலவழி என்று 12-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் கறாராக எழுதியிருக்கிறார். பலகாரம் என்றால் முக்கோணமாக, நடுவில் கசகசாப் பூரணம் வெளியே தெரிகிற மாதிரி சுட்ட ஒன்று. எபிரெயத்தில் அதற்குப் பெயர் 'ஆமான் காதுகள்'. எதிரியின் காதைக் கடித்துத் தின்கிறார்கள், வேறென்ன.

பஸ்காவும் விடுதலை, பூரீமும் விடுதலை. பஸ்காவில் பாடும் அல்லேலூயா சங்கீதங்களைப் பூரீமில் பாடுவதில்லை என்று படித்தேன். ஏன்?
— வாசகர், பாளையங்கோட்டை

113 முதல் 118 வரையான சங்கீதங்களைச் சொல்கிறீர்கள். தல்மூதில் இதே கேள்வியைக் கேட்டு மூன்று பதில் சொல்லியிருக்கிறார்கள். இஸ்ரவேல் தேசத்துக்கு வெளியே நடந்த அற்புதத்துக்குப் பாடுவதில்லை என்பது ஒன்று. எஸ்தர் புத்தகத்தை வாசிப்பதே பாடுவதற்குச் சமம் என்பது இன்னொன்று. மூன்றாவது, ரவா என்ற ரபி சொன்னது: எகிப்தை விட்டு வந்தவர்கள் "கர்த்தருடைய ஊழியக்காரரே, துதியுங்கள்" என்று பாடலாம், ஏனென்றால் இனி அவர்கள் பார்வோனின் அடிமைகள் கிடையாது. ஆனால் நாம்? நாம் இன்னும் அகாஸ்வேருவின் அடிமைகள்தான்.

ரவா பாபிலோனியாவில் பெர்சிய ராஜாக்களின் கீழ் வாழ்ந்தவர், தெரிந்துதான் பேசுகிறார். எஸ்தர் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். எல்லாம் சுபமாக முடிந்து, மொர்தெகாய் ராஜாவுக்கு இரண்டாவதாக வந்தும் ஆயிற்று. அந்த அதிகாரத்தின் முதல் செய்தி என்ன? அகாஸ்வேரு ராஜா தேசத்தின் மேலும் சமுத்திரத் தீவுகளின் மேலும் வரி போட்டான். யாரும் எங்கேயும் புறப்பட்டுப் போகவில்லை. அதே ஊர், அதே குடிகார ராஜா, வரி மட்டும் புதுசு. கொல்ல வந்தவன் போனான், உயிர் மிஞ்சியது, நாளைக்கு யார் ராஜாவின் காதில் ஓதுவானோ தெரியாது. அதற்கே இத்தனை கொட்டு முழக்கு. பஸ்காவைவிட இந்தப் பண்டிகை எனக்கு நெருக்கமாகப் படுவது இதனால்தான்.

அன்றைக்குக் கண்மண் தெரியாமல் குடிக்க வேண்டும் என்று மதமே சொல்கிறதாமே, அப்படியா ஐயா?
— வாசகர், புதுச்சேரி

கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன், ஊர் பெயரைப் பார்த்ததும் புன்னகைத்துக்கொண்டேன்.

"ஆமான் சபிக்கப்பட்டவன்" என்பதற்கும் "மொர்தெகாய் ஆசீர்வதிக்கப்பட்டவன்" என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்வரை குடிக்க வேண்டும் என்று ரவா சொன்னதாகத் தல்மூதில் இருக்கிறது, மெகில்லா என்ற பகுதியில். கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டுத் தூங்கிவிடு, தூங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது, கடமையும் முடிந்தது என்று பின்னால் வந்த ரபிகள் பலர் நாசூக்காகத் தப்பிக்க வழி சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ரவா சொன்னதை எழுதிய கையோடு தல்மூதில் ஒரு கதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ரப்பா, ரபி ஸேரா என்று இரண்டு பேர் சேர்ந்து பூரீம் விருந்து சாப்பிட்டார்கள். போதை தலைக்கேறியதும் ரப்பா எழுந்து ரபி ஸேராவின் கழுத்தை அறுத்துவிட்டார். மறுநாள் தெளிந்ததும் பதறிப்போய் ஜெபம் பண்ணி அவரை உயிரோடு எழுப்பினார். அடுத்த வருஷம் ரப்பா மறுபடி கூப்பிட்டாராம், வாருங்கள், இந்தப் பூரீமையும் சேர்ந்தே கொண்டாடுவோம் என்று.

ரபி ஸேரா சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் அற்புதம் நடக்காதய்யா."